விருதம்பட்டில் மாடித் தளம்: வேலூரில் ரெடிமிக்ஸ் வாங்கிய அனுபவம்

வேலூரில் வீடு கட்டுகிறவர்கள் இப்போது ரெடிமிக்ஸ் கான்கிரீட்டைத் தயங்காமல் வாங்குகிறார்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைப் பக்கம், கான்கிரீட்டைக் கலந்து வண்டியில் அனுப்பும் பிளான்ட்கள் இருக்கின்றன. காலையில் போனில் பேசினால் மாலைக்குள் விலை விவரம் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. எனக்குக் கிடைத்த சேவையில் பெரிய குறை எதுவும் இல்லை. ஆனால் எத்தனை கன மீட்டர் தேவை, வந்து இறங்கியது அத்தனைதானா என்ற இரண்டையும் வாங்குகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷார்ஜாவிலிருந்து விடுமுறைக்கு வந்து, அந்த விடுமுறைக்குள் தளம் போட்டுவிட்டுத் திரும்ப நினைக்கும் என்னைப் போன்றவர்களுக்காக இதை விரிவாக எழுதுகிறேன்.

விருதம்பட்டில் அப்பா கட்டிய வீட்டின் மேல் மாடி எழுப்பினோம். சுவர் வேலை முடிந்து, கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டும் நேரத்தில் நான் ஊருக்கு வந்தேன். மிக்சர் மெஷின் வைத்துக் கலந்து போடுவதென்றால் ஒரே நாளில் ஏராளமான ஆட்கள் வேண்டும். ஜல்லியையும் எம்-சாண்டையும் தெருவில்தான் கொட்ட வேண்டும். எங்கள் தெருவில் அதற்கு இடமே இல்லை. அதனால் ரெடிமிக்ஸ் என்று முடிவானது.

எங்கள் மேஸ்திரி கை தேர்ந்தவர். உறவினர் வீடுகளில் பாதி அவர் கட்டியவைதான். "17 கன மீட்டர் சொல்லிவிடுங்கள் தம்பி, பற்றாமல் போனால் வேலை கெட்டுவிடும்" என்றார். அந்த 17 எப்படி வந்தது என்று கேட்டேன். சலிக்காமல் கணக்கை விளக்கினார்.

தளத்தின் மொத்த அளவு 30 அடிக்கு 34 அடி, அதாவது 1,020 சதுர அடி. கனம் 5 அங்குலம். பெருக்கினால் 425 கன அடி. பீம்களின் மொத்த நீளம் 150 அடி, அகலம் 9 அங்குலம், ஆழம் 15 அங்குலம். அது 140 கன அடிக்குச் சற்று மேல். இரண்டையும் கூட்டினால் சுமார் 565 கன அடி. ஒரு கன மீட்டர் என்பது 35.3 கன அடி என்பதால் 16 கன மீட்டர் வருகிறது. சேதாரம் சேர்த்து 17.

இந்தக் கணக்கில் இரண்டு இடங்களில் அளவு கூடிவிடுகிறது. 15 அங்குல பீமின் மேல் 5 அங்குலம் தளத்தின் கனத்துக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தளத்திலும் பீமிலும் இரு முறை எண்ணியாகிவிட்டது. தளத்துக்குக் கீழே இறங்கும் 10 அங்குலத்தை மட்டும் எடுத்தால் பீம் 94 கன அடிதான். அடுத்தது மாடிப்படிக்கான திறப்பு. 7 அடிக்கு 12 அடி இடம் திறந்தே இருக்கப்போகிறது. அதற்கு 35 கன அடியைக் கழிக்க வேண்டும். மீதி 484 கன அடி, அதாவது 13.7 கன மீட்டர். நூற்றுக்கு 4 சேதாரம் சேர்த்தாலும் 14.25. கம்பி அடைக்கும் இடத்தை யாரும் கழிப்பதில்லை, நானும் கழிக்கவில்லை. பம்ப் குழாயில் தங்குவது இந்தச் சேதாரத்துக்குள் அடங்கிவிடும். 125 மில்லிமீட்டர் குழாய் 30 மீட்டர் நீளத்துக்கு 0.37 கன மீட்டர்தான் பிடிக்கும்.

வரைபடம் போட்டுக் கொடுத்த இன்ஜினீயரிடம் காட்டினேன். ஒரு திருத்தம் சொன்னார்: 5 அங்குலத்தை ஏட்டில் பார்க்காமல் சென்ட்ரிங் மேல் பல இடங்களில் அளந்து பாருங்கள் என்றார். பலகை ஓர் இடத்தில் அரை அங்குலம் தாழ்ந்திருந்தால் அங்கே கான்கிரீட் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக உட்காரும். மேஸ்திரியும் நானும் நூல் பிடித்துப் பார்த்தோம். ஒரு மூலையில் தாழ்ந்திருந்தது. பலகையைத் தாங்கும் முட்டுக் கம்பைத் தட்டிச் சரிசெய்தார்.

பிறகுதான் விலை கேட்டேன். கன மீட்டருக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் சொல்லும் தொகையை அப்படியே ஒப்பிட முடியாது. ஒருவர் 18 சதவீத ஜி.எஸ்.டி.யைச் சேர்த்துச் சொல்கிறார். இன்னொருவர் சேர்க்காமல் சொல்கிறார். பம்ப் வாடகை தனி. குறைந்த அளவு ஏற்றி வரும் வண்டிக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, 14.25 கன மீட்டர் என் வீட்டு மாடியில் வந்து சேர மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தபோது, கன மீட்டர் விலையில் மலிவாகத் தெரிந்தவர் கடைசி இடத்துக்குப் போய்விட்டார்.

தரம் எம் 25 என்று கேட்டேன். 150 மில்லிமீட்டர் கன சதுரக் கட்டியை 28 நாள் கழித்து நசுக்கிப் பார்த்தால் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும் என்பது அந்த எண்ணின் பொருள். ஐ.எஸ். 456 : 2000 என்ற இந்தியத் தர விதிப்படி கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம் 20 தான் கீழ் எல்லை. மழையும் வெயிலும் நேராக விழும் மொட்டை மாடிக்கு அதற்கு ஒரு படி மேலே போவது நல்லது என்று இன்ஜினீயர் சொன்னார். சரியென்று பட்டது.

தண்ணீரைப் பற்றியும் கேட்டேன். பாலாற்றுப் படுகையில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கவலையை விளக்க வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவு நம் நிலத்தடி நீரைக் கெடுத்த கதை 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. ராணிப்பேட்டை, வாலாஜா பக்கத்துப் பிளான்ட் போர் தண்ணீரில் கலக்கிறதென்றால், அந்தத் தண்ணீரில் குளோரைடு எவ்வளவு என்று கேட்பதில் தவறே இல்லை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது; கூடினால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். நான் தேர்ந்தெடுத்த பிளான்ட்டில் பரிசோதனை அறிக்கையை உடனே எடுத்து நீட்டினார்கள். அதன் தர மேலாளர் இளைஞர். கேள்வி கேட்டதற்காக முகம் சுளிக்காமல், கலவை வடிவமைப்புத் தாளையும் காட்டி, சிமென்ட் எத்தனை கிலோ, அதோடு சேர்க்கும் நிலக்கரிச் சாம்பல் (ஃபிளை ஆஷ்) எத்தனை கிலோ என்று விளக்கினார். வேறொரு பிளான்ட்டில், வண்டியை வெளி எடை மேடையில் ஏற்றிப் பார்க்கலாமா என்று கேட்டபோது மறுத்துவிட்டார்கள். அவர்களை அத்தோடு விட்டுவிட்டேன்.

எடைதான் இதில் முக்கியம். கலவை வண்டியின் டிரம்முக்குள் இருப்பது 6 கன மீட்டரா என்று கண்ணால் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2,400 கிலோ. அந்தக் கலவையின் துல்லியமான எடையைப் பிளான்ட்டே சொல்லும். 6 கன மீட்டர் என்றால் 14,400 கிலோ. ஏற்றிய வண்டியின் எடையிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்து 2,400-ஆல் வகுத்தால் விடை வந்துவிடுகிறது. தங்கையின் கணவர் நெடுஞ்சாலையோர எடை மேடையில் விடியற்காலையிலேயே போய் நின்றுகொண்டார். "மச்சான், நீங்கள் தளத்தைப் பாருங்கள், வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவரே பொறுப்பேற்றது எனக்குப் பெரிய பலம். முதல் வண்டி 14,350 கிலோ, இரண்டாவது 14,310. இரண்டும் 6-க்கு மிக அருகில். நேர்மையாகக் கொடுத்திருக்கிறார்கள், மனதார நன்றி.

வேலூர் வெயிலைக் கணக்கில் எடுக்காமல் தளம் போடவே கூடாது. ஷார்ஜாவில் கோடையில் கலவைத் தண்ணீரில் பனிக்கட்டி சேர்ப்பார்கள், இரவில் போடுவார்கள். இங்கே நான் பேசிய இடங்களில் பனிக்கட்டி வசதி இல்லை. அதனால் காலை 6 மணிக்கு முதல் வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. ரெடிமிக்ஸுக்கான ஐ.எஸ். 4926 விதிப்படி ஏற்றிய 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரசாயனம் சேர்த்திருந்தால் கூடுதல் நேரம் உண்டு. கிரீன் சர்க்கிளில் பஸ்கள் குவியத் தொடங்கினால் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி விருதம்பட்டு வருவதற்கே நேரம் போய்விடும். அதிகாலையில் அந்தத் தொல்லை இல்லை. டெலிவரி சீட்டில் ஏற்றிய நேரம் அச்சாகியிருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதைப் பாருங்கள்.

மின்கம்பி தாழ்வாகப் போகும் தெரு என்பதால் உயரத்தில் கை நீட்டி ஊற்றும் பூம் பம்ப் வேண்டாம் என்று குழாய்ப் பம்ப்தான் வைத்தோம். இரண்டாவது வண்டியில் கலவை சற்றுக் கெட்டியாக இருப்பதாகச் சொல்லி ஒருவர் டிரம்மில் தண்ணீர்க் குழாயை விடப் போனார். அதை நான் உறுதியாகத் தடுத்தேன். கலவையில் தண்ணீர் கூடினால் பலம் குறையும். எம் 25-க்குக் காசு கொடுத்துவிட்டு அதை நாமே கரைக்க வேண்டுமா? கலவையின் இளக்கத்தைப் பார்க்க, பிளான்ட் ஆள் 30 சென்டிமீட்டர் உயரக் கூம்பை வைத்து நிரப்பித் தூக்கினார். கலவை 11 சென்டிமீட்டர் சரிந்தது. பம்புக்கு நாங்கள் கேட்டது 10 முதல் 12. ஒரு துளியும் சேர்க்கவில்லை, பம்ப் தடையில்லாமல் ஏற்றியது.

மூன்றாவது வண்டிக்கு அளவை முன்கூட்டியே சொல்லவில்லை. இரண்டாவது வண்டி பாதி இறங்கியதுமே டேப்பைப் பிடித்து, இதில் மீதமுள்ளது எதுவரை நிரப்பும் என்று குறித்து, அதற்கப்பால் உள்ள இடத்தை அளந்தோம். 130 சதுர அடித் தளமும் 20 அடி பீமும் மிஞ்சின. 67 கன அடி, 1.9 கன மீட்டர். குழாய்க்கும் சேர்த்து 2.25 என்று போனில் சொன்னேன். நேரத்துக்கு வந்தது, போதுமானதாக இருந்தது. குறைந்த அளவுக்கான கூடுதல் கட்டணத்தைக் கொடுத்தோம். 17 என்று சொல்லி, தேவையில்லாத 2.75 கன மீட்டரை வாங்கியிருந்தால் ஆகும் செலவை விட அது குறைவு. மேஸ்திரியும் அடுத்த வேலைக்கு இப்படியே அளக்கலாம் என்றார்.

பலத்தைச் சோதிக்க, 6 முதல் 15 கன மீட்டர் வரையான வேலைக்கு இரண்டு மாதிரி, ஒவ்வொன்றிலும் மூன்று கட்டி என்பது விதி. 7ஆம் நாள் பார்க்கவும் கூடுதலாகச் சில கட்டிகள் வார்க்கச் சொன்னேன். நசுக்கிப் பார்க்க பிளான்ட் ஆய்வகமே போதும் என்றார்கள். நான் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொடுத்தேன். தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தும் பொறுப்பை அம்மா ஏற்றுக்கொண்டார். வறண்ட வெயிலில் குறைந்தது 10 நாள். சாம்பல் கலந்த கலவை என்பதால் 14 நாள் நிறுத்தினோம். பீம் முட்டுகளை அதுவரை யாரும் தொடக் கூடாது என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். 28ஆம் நாள் அறிக்கையைத் தங்கையின் கணவர் படமெடுத்து அனுப்பினார். இரண்டு மாதிரியும் 25-ஐத் தாண்டிவிட்டன.

குடியாத்தத்தில் சித்தப்பா மகன் தை மாதம் தளம் போடப்போகிறான். "அண்ணா, நானும் ரெடிமிக்ஸ் வாங்கட்டுமா?" என்று கேட்டான். அவனுடையது ஓர் அறையும் சமையலறையும்தான், 3 கன மீட்டரைத் தாண்டாது. பம்ப் வாடகையையும் குறைந்த அளவுக் கட்டணத்தையும் சேர்த்தால் அவனுக்குக் கட்டுப்படியாகாது. மிக்சர் மெஷின் வைத்து, எடை பார்த்த சிமென்ட்டும் அளவுப் பெட்டியும் கொண்டு, தண்ணீரை வாளியால் அளந்து ஊற்றிப் போடச் சொல்லியிருக்கிறேன்.