சுங்கை சிப்புட்ல ஆப் ஸ்க்ரீன் செய்ய கத்துக்கொடுக்குற சனிக்கிழமை கிளாஸ், 240 வெள்ளிக்கு தகுமா?

முதல்லயே சொல்லிடுறேன், நான் கம்ப்யூட்டர் படிச்ச ஆள் கிடையாது, கையுறை ஃபேக்டரில ஷிஃப்ட் வேலை. அப்பாவுக்கு நாலு ஏக்கர் செம்பனை இருக்கு, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ குலை வெட்டி லோரில ஏத்தி ரேம்ப்புக்கு, அதான் பழத்த எடை போட்டு வாங்குற எடத்துக்கு, அனுப்புவாரு, எடை, வெலை எல்லாம் இன்னும் அந்த 555 புக்குலதான், பாக்கெட்ல வைக்குற சின்ன நோட்டுப் புக்கு, எழுதுறாரு, அதுவும் மழைல நனைஞ்சா பாதி கணக்கு போச்சு. அவருக்கு ஒரு சின்ன ஆப் செஞ்சு கொடுக்கலாம்னுதான் இந்த கிளாஸ்ல சேந்தேன். கிளாஸ் பேர நான் இங்க போடல, டவுன்ல கடைவீட்டு மாடில நடக்குது, நாலு சனிக்கிழமை, காலைல ஒம்பதரைலேர்ந்து ஒரு மணி வரைக்கும். ஈப்போ போய் படிச்சா பெட்ரோல், பார்க்கிங் எல்லாம் சேத்து இதவிட ஆகிடும், அதனால வெலையப் பத்தி எனக்கு புகார் இல்ல.

முதல் நாள் லேப்டாப்ப தெறக்கவே விடல. ஆளுக்கு நாலு வெள்ளத் தாள கொடுத்து போன் ஸ்க்ரீன பென்சில்ல வரைங்கன்னுட்டாரு சாரு. எனக்கு செம கடுப்பு, காசு கட்டிட்டு ஒண்ணாம் ஆண்டு பிள்ள மாதிரி கட்டம் போடவா வந்தோம்னு. நான் பதினோரு பெட்டி வரைஞ்சேன், தேதி, நேரம், லோரி நம்பர், ட்ரைவர் பேரு, குலை எத்தன, உதிரி எத்தன கிலோன்னு. சாரு வந்து பாத்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாரு, "உங்கப்பா லோரி பக்கத்துல நின்னுக்கிட்டு ஒரு கைல கண்ணாடிய புடிச்சுக்கிட்டு இதுல எத்தனைய நிரப்புவாரு?" அவ்ளோதான், பதினொண்ணு மூணாச்சு. தேதிய போனே போட்டுக்கும், எடை, வெலை, கீழ பெருசா ஒரு 'சேமி' பட்டன். பட்டன ஏன் கீழ வைக்கணும்னா ஒரு கைல போன புடிக்கும்போது கட்டவெரலு அங்கதான் சுலபமா போகும். இந்த ஒரு நாளுக்கே பாதி காசு கொடுக்கலாம்னு இப்போ தோணுது, அன்னிக்கு தோணல.

ரெண்டாவது வாரம்தான் ஃப்ளட்டர், அதான் ஆப் செய்யுற டூல். கூகுளோடது, இலவசம், 2018 டிசம்பர்ல மொத ஸ்டேபிள் வெர்ஷன் வந்துச்சு, டார்ட்டுங்குற மொழில எழுதணும், ஒரே ப்ரோக்ராம் கோட (code) வச்சு ஆண்ட்ராய்டுக்கும் ஐஃபோனுக்கும் ஆப் செய்யலாம். ஆனா ஐஃபோனுக்கு செய்ய மேக் வேணும், அத மொத நாளே நேரா சொல்லிட்டாரு, நல்ல விஷயம். ஃப்ளட்டர்ல ஸ்க்ரீன கட்டுற ஒவ்வொரு துண்டுக்கும் பேரு விட்ஜெட்டு, எழுத்தும் விட்ஜெட்டு, பட்டனும் விட்ஜெட்டு, நடுவுல விடுற இடம்கூட விட்ஜெட்டுதான். சாரு தோட்டத்துப் பையன், அதனால சொல்லிக்கொடுக்குறதும் அப்படித்தான் இருக்கும், 'ரோ'ன்னா லயத்து வீடு மாதிரி பக்கத்துல பக்கத்துல, 'காலம் (column)'னா டிஃபன் கேரியர் மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு, பேடிங்னா நம்ம வீட்டு செவத்துக்கும் கட்டிலுக்கும் நடுவுல விடுற இடம், மார்ஜின்னா நம்ம வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல இருக்குற சந்து. எனக்கு அதுக்கப்புறம் ரெண்டும் குழம்பவே இல்ல.

செட்ஸ்டேட்னு ஒண்ணு இருக்கு, எல்லாரும் மாட்டிக்கிட்டது அதுலதான். பட்டன அமுக்குறேன், உள்ள நம்பர் மாறுது, ஸ்க்ரீன்ல பழைய நம்பரே நிக்குது. அரை மணி நேரம் போராடுனேன். அப்புறம் சாரு சொன்னாரு, ரேம்ப்ல முதலாளிக்கு இன்னிக்கு வெலை மாறுனது தெரியும், ஆனா வெளிய பலகைல சாக்பீஸால அழிச்சு எழுதச் சொல்லி யாராச்சும் பையன்கிட்ட சொன்னாதானே பலகை மாறும், செட்ஸ்டேட்னா அந்தச் சொல்றதுதான்னு. அப்போ ஸ்டேட்லெஸ் விட்ஜெட்டுன்னா பெயிண்ட்ல எழுதுன கடைப் பேர்ப்பலகை, ஸ்டேட்ஃபுல்லுன்னா சாக்பீஸ் பலகை. இத யாராச்சும் மொதல்லயே சொல்லிருந்தா யூடியூப்ல மூணு மாசம் வீணாப்போயிருக்காது.

லேப்டாப்ப பத்தி ஒண்ணு. என்னோடது 8 ஜிபி ரேம், எமுலேட்டர, அதான் லேப்டாப்புக்குள்ளயே ஓடுற பொய் போன, தெறந்தா ஃபேன் சத்தம் ரைஸ்மில்லு மாதிரி. எமுலேட்டர விட்டுட்டு சொந்த போனையே கேபிள்ல மாட்டுங்க, செட்டிங்ஸ்ல பில்ட் நம்பர ஏழு தடவ தட்டுனா டெவலப்பர் ஆப்ஷன் வரும், அதுல யூஎஸ்பி டீபக்கிங்க தட்டி விடுங்க, பறக்கும். கோட மாத்தி சேவ் பண்ண ஒடனே போன்ல மாறுறத பாக்குறதுக்கே ஒரு சந்தோசம்லா.

இப்போ கொறைக்கு வர்றேன். கிளாஸ் நோட்டு, எக்ஸாம்பிள் எல்லாம் இங்லீஷு. 'வெயிட்', 'சேவ்' மாதிரி குட்டி குட்டி வார்த்தைய வச்சு செஞ்சா எல்லாம் அழகா ஒக்காரும், நான் 'உதிரிப்பழம் எடை'ன்னு போட்டதும் ஸ்க்ரீன் ஓரத்துல ரோட்ட மூடி வச்சிருக்குற தடுப்பு மாதிரி மஞ்சள் கறுப்பு கோடு, இத்தன பிக்சல் வழியுதுன்னு செவப்பு எழுத்துல திட்டு. தமிழ் வார்த்தை நீளம், அது ரோவுக்குள்ள அடங்கல. எழுத்த எக்ஸ்பாண்டட்டுங்குற விட்ஜெட்டுக்குள்ள போட்டா ரெண்டு வரியா மடங்கிடும், ஒரு வரி வேலை, ஆனா அத நானா ராத்திரி ஒக்காந்து தேடுனது. கீபோர்ட் மேல வந்தா கீழ வழியுறதுக்கு சிங்கிள்சைல்ட் ஸ்க்ரோல்வியூ, அதுக்குள்ள போட்டா ஸ்க்ரீன தள்ளிப் பாக்கலாம், அத மட்டும் கிளாஸ்ல சொன்னாங்க.

இன்னொண்ணு இதவிட வேடிக்கை. எங்க கூட முறுக்கு, அதிரசம் ஆர்டர் எடுக்குற அக்கா ஒருத்தங்க படிச்சாங்க, கஸ்டமர் பேருக்கு முன்னாடி வட்டத்துல மொத எழுத்து வர்ற மாதிரி செஞ்சாங்க. முனியம்மாவுக்கும் 'ம', மீனாவுக்கும் 'ம', மாலாவுக்கும் 'ம'! "என்னாடா தம்பி எல்லாரும் ஒரே ஆளாயிட்டாங்க"ன்னு அக்கா சிரிக்கிறாங்க. விஷயம் என்னன்னா கம்ப்யூட்டருக்கு 'மு'ங்கறது ரெண்டு துண்டு, 'ம' தனி, உகரக் குறி தனி, மொத துண்ட கேட்டா 'ம' மட்டும்தான் கொடுக்கும். டார்ட்ல கேரக்டர்ஸ் ஃபர்ஸ்ட்டுன்னு கேட்டா முழு எழுத்தா கொடுக்கும். சாருக்கே அன்னிக்குதான் தெரிஞ்சுது, ஆனா மழுப்பாம எல்லாரோடயும் ஒக்காந்து தேடுனாரு, அதுக்கு ஒரு மார்க் கூட.

கடைசி வாரம் ரொம்ப அவசரம். ப்ளே ஸ்டோர்ல போடுறத பத்தி பதினஞ்சு நிமிசம்தான். ஒரே தடவ 25 அமெரிக்க டாலர் கட்டணும்னு சொன்னாரு, சரி. புதுசா தனியாள் பேர்ல அக்கவுண்ட் தெறந்தா மொதல்ல 12 பேர வச்சு 14 நாள் டெஸ்ட் பண்ணாதான் வெளியிட முடியும்னு சொல்லவே இல்ல. நான் கட்டிட்டுதான் படிச்சேன். எங்கப்பாவுக்கு மட்டும்னா ஆப்ப இன்ஸ்டால் பண்ற ஏபிகே ஃபைல அனுப்பி நேரா போன்ல போட்டாலே போதும், சாரு இத ஒரு வார்த்தை சொல்லிருந்தா அதோட முடிஞ்சிருக்கும்.

அப்பா டெஸ்ட் பண்ணது தனிக்கதை. பன்னண்டு மணி வெயில்ல போன நீட்டுறேன், "எழுத்தே தெரியலயேப்பா, வெறும் வெள்ளையா இருக்கு"ங்கறாரு. நான் ஸ்டைலா இருக்கட்டும்னு வெள்ளைல வெளிறுன சாம்பல் எழுத்து போட்டிருந்தேன். எழுத்துக்கும் பின்னாடிக்கும் கான்ட்ராஸ்ட், அதான் வெளிச்ச வித்தியாசம், கொறஞ்சது நாலரைக்கு ஒண்ணாச்சும் இருக்கணும்னு சாரு மூணாவது வாரத்துல சொன்னத நான்தான் காதுல வாங்கல. பட்டன் 48 டிபி (ஸ்க்ரீன்ல அளக்குற அளவு) இருந்தா போதும்னாங்க, அப்பா வெரலு முப்பது வருசம் பால் வெட்டுன வெரலு, 72 போட்டேன். போன் செட்டிங்ஸ்ல எழுத்த அவரு வேற ஆகப் பெருசா வச்சிருக்காரு, அதுல மறுபடி மஞ்சள் கோடு. திருத்திட்டேன். இப்போ 555 புக்கும் எழுதுறாரு, ஆப்புலயும் போடுறாரு, ரெண்டும் ஒத்து வருதான்னு பாக்குறாராம்.

மொத்தத்துல அஞ்சுக்கு நாலு கொடுக்குறேன். யாருக்கு செய்யப்போறோம்னு ஒரு ஆள மனசுல வச்சுக்கிட்டு போறவங்களுக்கு நல்ல கிளாஸ், சும்மா செர்ட்டிஃபிகேட்டுக்கு போறவங்களுக்கு வேணாம், கொடுக்குறதே இல்ல. அடுத்த பேட்ச்ல தமிழ் எழுத்துக்கு தனியா ஒரு மணி நேரம் ஒதுக்குறேன்னு சாரு சொல்லிருக்காரு, பாப்போம். சனிக்கிழமை ஒம்பது மணிக்கு மேல போனா பாசார் கூட்டத்துல மோட்டோ நிறுத்தக்கூட எடம் இருக்காது, பசியாறிட்டு போங்க, மாடிப்படி ரொம்ப செங்குத்து.