லினக்ஸ் வீட்டுக் கணினிக்கு எந்த டிவி ட்யூனர்: உள்ளே செருகும் கார்டா, யூஎஸ்பி பெட்டியா, நெட்வொர்க் ட்யூனரா?

லினக்ஸ் ஓடும் வீட்டுக் கணினியிலேயே தொலைக்காட்சி பார்க்கவும் பிடித்த நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துகொள்ளவும் விரும்புகிறவர், ட்யூனர் கார்டைத் (ஒளிபரப்பு அலையைப் பிடித்துக் கணினிக்குத் தரும் அட்டை) தேடிக் கடைக்குப் போகும் முன், தம் வீட்டுக்குள் இறங்கும் கம்பியில் என்ன வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கேபிள்காரர் கொண்டுவந்து விட்ட கம்பியைக் கார்டின் பின்புறத் துளையில் செருகினால் அத்தனை சானல்களும் வந்துவிடும். கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் 2011இல் திருத்தப்பட்ட பிறகு அந்த அனலாக் முறை 4 கட்டங்களாக விலக்கப்பட்டது. முதற்கட்டத்தில் சென்னை உட்பட 4 பெருநகரங்கள் இருந்தன. கடைசிக் கட்டத்துக்கு 2017 மார்ச் 31 கெடுவாக வைக்கப்பட்டது. இன்று கேபிளில் வருபவை குறியாக்கம் செய்து பூட்டப்பட்ட டிஜிட்டல் அலைகள். கட்டண டிடிஎச் சேவைகளின் நிலையும் இதுவே. அந்தந்த நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸ் இல்லாமல் அவற்றை எந்த ட்யூனரும் திறக்காது.

எனவே தமிழ்நாட்டு வீடொன்றில் ட்யூனர் என்ற பெயருக்கு முழுப் பொருள் தருவது, பெரும்பாலும், 93.5 பாகைக் கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளை நோக்கித் திருப்பிய ஒரு சிறிய டிஷ்தான். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கி, இப்போது டிடி ஃப்ரீ டிஷ் என வழங்கும் சேவை அதிலிருந்தே வருகிறது. பொதிகையாக இருந்து 2024இல் டிடி தமிழ் ஆன தூர்தர்ஷன் சானலையும் அங்கே காணலாம். அதே இடத்திலிருந்து சன் டைரக்டின் அலைகளும் இறங்குவதால், சானல் தேடலில் அவற்றின் பெயர்களும் நீளமாகப் பட்டியலாகும். அவை கட்டணச் சேவைக்கு உரியவை. பெயர் இருந்தும் படம் வராததைப் பார்த்து, கார்டு பழுது என்று எண்ணிவிட வேண்டாம். இந்த அலசலில் நான் ஒப்பிடுவது, இத்தகைய டிஷ் உள்ள வீட்டுக்கு ஏற்ற மூன்று வழிகளை. கேபிள் மட்டுமே உள்ளவர்களுக்கான வழியைப் பின்னால் தனியே சொல்கிறேன்.

அதற்கு முன், பரணில் கிடக்கும் பழைய பிசிஐ கார்டைப் பற்றி ஒரு சொல். புரூக்ட்ரீ நிறுவனத்தின் பிடி878 சிப் கொண்ட கார்டுகள் ஒரு காலத்தில் எங்கும் விற்றன. அவற்றுக்கான பிடிடிவி டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) லினக்ஸில் இன்றும் இருக்கிறது. கார்டு தன்னை அடையாளம் காட்டாதபோது, அதன் எண்ணையும் ட்யூனரின் எண்ணையும் டிரைவருக்கு நாமே சொல்லித்தர வேண்டியிருந்தது. ஒலிக்கென்று ஒரு சிறு கம்பியைக் கார்டிலிருந்து ஒலி அட்டையின் லைன்-இன் துளைக்கு இழுக்கவும் வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய சுமை படத்தின் அளவு. 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 சட்டகங்கள், புள்ளிக்கு 2 பைட் என்று கணக்கிட்டால் நொடிக்கு ஏறத்தாழ 20 மெகாபைட் வருகிறது. சுருக்காமல் சேமித்தால் ஒரு மணி நேரத்துக்கு 75 ஜிபி அளவுக்கு வட்டு நிறைந்துவிடும். ஆகவே சுருக்கும் வேலை முழுவதும் கணினியின் தலையில் விழுந்தது. இன்று அந்தக் கார்டின் ட்யூனருக்குப் பிடிக்க அலை இல்லை. ஆனால் அதன் மஞ்சள் நிற வீடியோ துளை இன்னும் பயன்படும். வீட்டில் பழைய திருமண விஎச்எஸ் கேசட்டுகளும், பிசிஐ துளை உள்ள கணினியும், ஓடும் நிலையில் ஒரு விசிஆரும் இருந்தால், நாடாக்கள் பூஞ்சை பிடித்துப் போவதற்குள் அவற்றைக் கணினிக்கு மாற்றிவிட இந்தக் கார்டைத் தாராளமாக நம்பலாம்.

இனி முதல் வழி, பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையில் செருகும் டிவிபி-எஸ்2 (செயற்கைக்கோள் டிஜிட்டல் ஒளிபரப்பு முறை) கார்டு. என் மேசைக் கணினியில் இருப்பது இந்த வகைதான். என் சாய்வும் இதன் பக்கமே. டிஜிட்டல் ட்யூனர் செய்யும் வேலை அனலாக் கார்டின் வேலையிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. ஏற்கெனவே சுருக்கப்பட்டு வரும் ஓடையை அது அப்படியே கணினியிடம் ஒப்படைக்கிறது. பதிவு என்பது அந்த ஓடையைக் கோப்பில் எழுதி வைப்பது மட்டுமே. நொடிக்கு 3 மெகாபிட் அளவில் வரும் ஒரு சானலை ஒரு மணி நேரம் பதிவு செய்தால் 1.35 ஜிபிதான் ஆகும். பத்து வயதான கணினிக்கும் இது சுமையில்லை. மேலும், ட்யூனர் ஒரு நேரத்தில் பிடிப்பது ஒரு சானலை மட்டுமன்று, பல சானல்களைச் சுமந்துவரும் டிரான்ஸ்பாண்டர் ஒன்றை முழுமையாக. வழக்கமான ஒரு டிரான்ஸ்பாண்டர் நொடிக்குச் சுமார் 40 மெகாபிட்டைத் தருகிறது. அதிலுள்ள அத்தனை சானல்களையும் ஒரே ட்யூனரைக் கொண்டு ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம். இரண்டு ட்யூனர் வேண்டும் என்று கேட்கும் பலருக்கு உண்மையில் ஒன்றே போதுமானது என்பதை இந்த ஒரு செய்தி விளக்கிவிடும்.

கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது, அதன் டிரைவர் லினக்ஸின் மையப்பகுதியான கர்னலுக்குள்ளேயே இருக்கிறதா என்பதைத்தான். டிவிபிஸ்கை எஸ்952 போன்ற கார்டுகளுக்கான டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. டிஜிட்டல் டிவைசஸ் கார்டுகளுக்கான டிரைவரும் அவ்வாறே. டிபிஎஸ் நிறுவனத்தின் பல கார்டுகள் திறன் மிக்கவை. ஒரே கார்டில் பல ட்யூனர்கள் வேண்டுவோர் அவற்றை நாடுவது இயல்பு. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு, அந்நிறுவனம் தனியே வெளியிடும் டிரைவரை நாமே தொகுத்து (கம்பைல் செய்து) நிறுவ வேண்டும். கர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதை மீண்டும் தொகுக்க வேண்டும். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டுமே ஏற்கும் பாதுகாப்பு) இயங்கும் கணினியானால், கையொப்பமிடாத தொகுதியைக் கர்னல் ஏற்க மறுக்கும். அதற்கும் வழிசெய்ய வேண்டும். இதில் பழக்கமுள்ளவருக்கு இது பத்து நிமிட வேலை. வீட்டில் தாத்தாவும் பாட்டியும் மாலைச் செய்திக்குக் காத்திருக்கும் கணினியில், புதுப்பித்த மறுநாள் படம் வராமல் போவதை நான் ஏற்கமாட்டேன்.

டிரைவர் இருந்தும் கார்டு எழுந்திருக்காமல் போனால், காரணம் பெரும்பாலும் ஃபர்ம்வேர் கோப்பு, அதாவது கார்டின் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய மென்பொருள், இல்லாததே. கர்னலின் செய்திப் பதிவில் ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை என்ற வரியும், வேண்டிய கோப்பின் பெயரும் தெளிவாக இருக்கும். நாம் நிறுவிய லினக்ஸ் விநியோகத்தின் தொகுப்பில் அக்கோப்பு இல்லாவிட்டால், லிப்ரெஎலெக் திட்டத்தார் சேர்த்துவைத்துள்ள டிவிபி ஃபர்ம்வேர் தொகுப்பில் பார்க்கலாம். அதை லிப் அடைவின் கீழுள்ள ஃபர்ம்வேர் அடைவில் வைத்துக் கணினியை முழுவதும் அணைத்து இயக்கினால், டெவ் அடைவில் டிவிபி என்ற துணை அடைவு தோன்றும். அது தோன்றிய பின்னும் படம் பார்க்கும் மென்பொருள் அனுமதி இல்லை என்று சொன்னால், பயனரை வீடியோ குழுவில் சேர்க்க வேண்டும். எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நின்று அலையை வாங்கும் கருவி) வகையாக யுனிவர்சலைத் தேர்ந்தெடுத்து, 9750, 10600 என்ற இரு எண்களும் அமைப்பில் இருப்பதை உறுதி செய்த பிறகே சானல் தேடலைத் தொடங்க வேண்டும். இந்த எண்கள் தவறினால் டிஷ் மிகச் சரியாக நின்றாலும் ஒரு சானலும் கிடைக்காது.

இரண்டாம் வழி யூஎஸ்பி பெட்டி. மடிக்கணினி வைத்திருப்பவருக்கும், துளை இல்லாத சிறு கணினி அல்லது ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவருக்கும் கார்டு என்ற பேச்சுக்கே இடமில்லாததால் இதுவே வழி. வேகத்தில் குறையில்லை, 40 மெகாபிட் ஓடைக்கு யூஎஸ்பி 2.0 தாராளம். குறை மின்சாரத்தில் இருக்கிறது. எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட்டை ட்யூனர்தான் கொடுக்க வேண்டும். யூஎஸ்பி 2.0 துளையிலிருந்து கிடைக்கும் 2.5 வாட் அதற்குப் போதாது. அதனால் செயற்கைக்கோள் பெட்டிகள் தனி அடாப்டருடன் வருகின்றன. கணினிக்கு யூபிஎஸ் இருந்தாலும், இந்த அடாப்டரையும் அதில் செருகாவிட்டால் மின்தடையின்போது பதிவு நின்றுபோகும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது சிப். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில், நண்பர் வீட்டில் நன்றாக ஓடிய அதே மாடலை அதே பெட்டிப் படத்தைப் பார்த்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து, செருகிய யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையைக் கொடுத்துப் பார்த்தபோது, அடையாள எண் வேறாக இருந்தது. பெயரை மாற்றாமலேயே உள்ளிருக்கும் சிப்பை மாற்றியிருந்தார்கள். அந்தச் சிப்புக்கு அப்போது டிரைவர் இல்லை. அந்தப் பெட்டி இரண்டு ஆண்டுகள் இழுப்பறையில் கிடந்தது. அதன் பின் நான் கடையிலேயே மடிக்கணினியைத் திறந்து, செருகிப் பார்த்து, கர்னலின் செய்தியைப் படித்த பிறகே பணம் கொடுக்கிறேன். மலிவாகக் கிடைக்கும் ஆர்டிஎல்2832யூ குச்சிகளையும் சிலர் டிவிக்காக வாங்குகிறார்கள். அவை தரைவழி ஒளிபரப்பின் பழைய டிவிபி-டி முறைக்கு உரியவை. டிஷ்ஷின் அலையை அவற்றால் பிடிக்க முடியாது. மென்பொருள் வானொலி கற்க விரும்பும் மாணவருக்கு அவை அருமையான கருவி என்பது வேறு செய்தி.

மூன்றாம் வழி நெட்வொர்க் ட்யூனர், அதாவது சாட்-ஐபி. எஸ்இஎஸ் நிறுவனம் 2012இல் முன்வைத்த இந்த முறையில், டிஷ்ஷுக்கு அருகிலோ ரௌட்டருக்கு அருகிலோ ஒரு பெட்டி அமர்ந்து, அலையை வீட்டு நெட்வொர்க் ஓடையாக மாற்றித் தருகிறது. கணினிக்கு டிரைவர் என்ற ஒன்றே தேவையில்லை. கர்னல் எத்தனை முறை மாறினாலும் கவலையில்லை. கோட்பாட்டளவில் இதுவே மூன்றிலும் தூய்மையானது. ஆனால் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் செலவைப் பார்த்தால், ஒரு கணினி மட்டுமுள்ள வீட்டுக்கு அது மிகை. வைஃபையில் ஓடையின் பாக்கெட்டுகள் தவறிப் படம் சதுரம் சதுரமாகச் சிதைவதால், ஈதர்நெட் கம்பியும் இழுக்க வேண்டும். இந்த முறையின் வசதியை விரும்புவோர், கார்டு உள்ள லினக்ஸ் கணினியில் மினிசாட்ஐபி என்ற கட்டற்ற மென்பொருளை நிறுவி, அக்கணினியையே சாட்-ஐபி பெட்டியாக்கிக் கொள்ளலாம்.

கேபிள் மட்டுமே உள்ள வீட்டுக்கு மேற்கண்ட மூன்றும் பயன்படா. செட்டாப் பாக்ஸின் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகளிலிருந்து படத்தையும் ஒலியையும் எடுக்கும் யூஎஸ்பி கருவி ஒன்றே அங்கு நேர்வழி; எச்டிஎம்ஐ துளையில், நகலெடுப்பதைத் தடுக்கும் எச்டிசிபி பூட்டு இருக்கும். ஈசிகேப் என்ற பெயரில் விற்கும் கருவிகளில், ஒரே உறைக்குள் எஸ்டிகே1160, ஈஎம்2860, யூஎஸ்பிடிவி007, எஸ்எம்ஐ2021 என நான்கு வெவ்வேறு சிப்களில் ஏதேனும் ஒன்று இருக்கலாம். முதல் மூன்றுக்கும் கர்னலில் டிரைவர் உண்டு, நான்காவதற்கு இல்லை. சானலை மாற்றுவதற்கு, ரிமோட்டைப் போல அகச்சிவப்பு ஒளி அனுப்பும் ஒரு விளக்கையும் லிர்க் மென்பொருளையும் அமைக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் கிடைப்பது சாதாரணத் தரப் படம்தான் என்பதால், தவிர்க்க முடியாதவர்களுக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

மென்பொருளில் எனக்கு அதிகத் தயக்கமில்லை. ஒருவர் மட்டும், ஒரு திரையில், அவ்வப்போது பார்ப்பதானால் காஃபைன் போதும். வீட்டில் பலர் பார்த்து, பதிவும் ஒழுங்காக நடக்க வேண்டுமானால் டிவிஹெட்எண்ட். அது பின்னணியில் ஓடும். 9981ஆம் போர்ட்டில் உலாவி வழியாக எல்லாவற்றையும் அமைக்கலாம். கூடத்துத் திரையில் கோடி மென்பொருளை வைத்து அதனுடன் இணைத்துவிடலாம். ஒரே டிரான்ஸ்பாண்டரின் பல சானல்களைப் பங்கிடும் வேலையை அது தானே பார்த்துக்கொள்ளும். மித்டிவி இதையெல்லாம் செய்வதோடு விளம்பரங்களைக் கண்டறியவும் முயலும்; ஆயினும் அதற்கு மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி தரவுத்தளம் ஒன்றையும் பராமரிக்க வேண்டும். விடிஆர் வெறும் உரைக்கோப்புகளைக் கொண்டே இயங்கும் உறுதியான மென்பொருள். அமைப்புகளைக் கையால் எழுதத் தயங்காதவருக்கு உரியது.

கார்டு வந்த அன்று எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. டிஷ்ஷிலிருந்து வரும் ஒரே கம்பி ஏற்கெனவே கூடத்து செட்டாப் பாக்ஸுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதைச் சாதாரணப் பிரிப்பானால் இரண்டாக்கினால், எந்த வகை அலை வேண்டும் என்று எல்என்பிக்குச் சொல்லும் வோல்ட்டை, பாக்ஸ் ஒன்றாகவும் கார்டு வேறாகவும் அனுப்பும்போது, 18 வோல்ட் கேட்பதன் விருப்பமே நிறைவேறும். மற்றதில் படம் மறையும். இரண்டு வெளியீடுகள் கொண்ட எல்என்பியை மாட்டி, கணினிக்கென்று தனிக் கம்பி இறக்குவதே இதற்குச் சரியான தீர்வு. மொட்டைமாடியில் கம்பியின் முனையைத் திருகிய இடத்தில் மழைநீர் இறங்காதபடி ரப்பர் உறை போட்டு, கம்பி கீழ்நோக்கி ஒரு வளைவு விழுமாறு கட்டிவிட வேண்டும்.