9 வருடம், 3 சைக்கிள்: எந்த வகை எனக்குச் சரிப்பட்டது, ஏன்

இப்போது நான் ஓட்டுவது என் மூன்றாவது சைக்கிள். முதலில் வாங்கியது முன்பக்கம் ஷாக்ஸ் வைத்த எம்டிபி, அதாவது காட்டுப் பாதைக்கான மவுண்டன் பைக், அதை இரண்டரை வருடம் ஓட்டினேன். அடுத்தது வளைந்த ஹேண்டில் வைத்த ரோடு பைக், ஒன்றே முக்கால் வருடம். இப்போது இருக்கிற, இரண்டுக்கும் நடுத்தரமான ஹைப்ரிட்டுக்கு ஐந்தாவது வருடம் நடக்கிறது. மூன்றுக்கும் வேலை ஒன்றுதான்: வீட்டிலிருந்து அலுவலகம் 9 கிலோமீட்டர், திரும்பி வர 9, வாரத்தில் ஐந்து நாள், முதுகில் அல்லது கேரியரில் ஒரு பை. வாரக் கடைசியில் தோன்றினால் 40, 50 கிலோமீட்டர். பாதி தூரம் நல்ல தார் ரோடு, மீதி ஒட்டுப்போட்ட ரோடு, நடுவே ஒரு மேம்பாலம். ரோடு மாறவில்லை, ஆளும் மாறவில்லை, சைக்கிள் மட்டும் மாறியதால் எது எதற்கு உதவும் என்று எனக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது. வாங்கும் முன்னால் யாராவது இதை எனக்குச் சொல்லியிருந்தால் நாலு வருடம் மிச்சம்.

எம்டிபி வாங்கியதற்குக் காரணம் எல்லோரும் சொல்வதுதான். டயர் தடிமன், ஷாக்ஸ் இருக்கிறது, ரோடு எப்படி இருந்தாலும் தாங்கும். தாங்கியது, அதில் பொய்யில்லை. ஆனால் தார் ரோட்டில் அந்தப் பல்லுப்பல்லான டயர் உர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டே என் பலத்தில் ஒரு பங்கைத் தின்றுகொண்டிருந்தது. மேம்பாலம் ஏற எழுந்து நின்று மிதித்தால் முன்பக்கம் ஒவ்வொரு மிதிக்கும் அமுங்கி எழும்பும். கால் கொடுக்கிற பலத்தில் கொஞ்சம் சக்கரத்துக்குப் போகாமல் ஸ்பிரிங்குக்குப் போகிறது என்பது அப்போது உடம்பிலேயே தெரியும். ஆரம்ப நிலை சைக்கிள்களில் வருகிற ஸ்பிரிங் ஷாக்ஸ் மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல் எடை இருக்கும். என்னுடையது இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் உள்ளே துருப்பிடித்து இறுகிக்கொண்டது. அதன் பிறகு அது வெறும் சுமை.

எம்டிபி ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் அதை விற்க அவசரப்பட வேண்டாம். பல் டயரைக் கழற்றிவிட்டு 1.5 இஞ்ச் வழவழப்பான டயர் போடுங்கள். நான் இரண்டாம் வருடம் அதைத்தான் செய்தேன், 34 நிமிடமாக இருந்த பயணம் 31 ஆனது, சத்தமும் போனது. ஷாக்ஸில் லாக் இருந்தால் ரோட்டில் அதைப் பூட்டியே வையுங்கள். நிஜமான காட்டுப் பாதையில், வேரும் கல்லுமாக இருக்கிற இறக்கத்தில் எம்டிபியை அடிக்க எதுவும் இல்லை. இரண்டு முறை அப்படிப்பட்ட இடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறேன், அந்தச் சைக்கிள் எதற்காகச் செய்யப்பட்டது என்று அன்றுதான் புரிந்தது. ஆனால் இரண்டரை வருடத்தில் இரண்டே நாள்.

அந்தச் சைக்கிளில் என்னை அதிகம் அலைக்கழித்தது பின் ஆக்சில், அதாவது பின்சக்கர அச்சு. ஒருநாள் காலை மிதிக்கும்போது பின்சக்கரம் லேசாக ஆடுவது போல இருந்தது, இறங்கி ரிம்மைப் பிடித்து இடம் வலமாக அசைத்தேன், டக் டக்கென்று ஆட்டம். கழற்றிப் பார்த்தால் ஆக்சில் வளைந்திருந்தது. மாற்றினேன், எட்டு மாதத்தில் இரண்டாவதும் முறிந்தது. காரணம் பின்னால் இருக்கிற பற்சக்கர அமைப்பு. என்னுடையது ஃப்ரீவீல் வகை, சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் மேல் மரை போட்டு ஏற்றுவது. அதில் செயின் பக்கத்து பேரிங் உள்ளே தள்ளி இருக்கும், அதனால் ஃப்ரேமுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஆக்சில் நீளமாகத் தாங்கலின்றி நிற்கும். ஆள் எடையும் பை எடையும் குழியில் இறங்கும்போது வளைவது அந்த இடத்தில்தான். கேசட் என்கிற இன்னொரு வகையில் பேரிங் வெளிப்பக்கமாக, ஃப்ரேமுக்குக் கிட்டத்தில் இருக்கும், அந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது. கடையில் நின்றபடியே எது என்று கண்டுபிடிக்கலாம். பின் பற்சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றி, நடுவில் கருவி மாட்டுகிற வெட்டுகளைக் கவனியுங்கள். பற்களோடு சேர்ந்து அதுவும் சுற்றினால் கேசட், பற்கள் மட்டும் சுற்றி அது அப்படியே நின்றால் ஃப்ரீவீல். தினமும் சுமையோடு ஓட்டப்போகிறவர்கள் கேசட் இருக்கிறதைத்தான் எடுக்க வேண்டும். கியர் 21-ஆ 24-ஆ என்று எண்ணுவதைவிட இது முக்கியம்.

சரி, ரோடு பைக். முதல் வாரம் பறப்பது போல இருந்தது, மிதித்தால் உடனே பாய்ந்தது. 9 கிலோமீட்டர் 26 நிமிடம். எடை குறைவு என்பதால் என்று நினைத்திருந்தேன், ஆனால் சமதரையில் எடை பெரிய விஷயமில்லை, ஏற்றத்திலும் கிளம்பும்போதும்தான் அது தெரியும். 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் நாம் முக்கியமாகப் போராடுவது காற்றோடு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிறது. உடம்பைத் தாழ்த்திக் குனிந்து ஓட்டுவது அங்கேதான் கைகொடுக்கும். எதிர்காற்று அடிக்கிற சாயங்காலங்களில் அந்த வளைந்த ஹேண்டிலின் கீழ்ப்பிடியை நான் இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. டயர் 25 மில்லிமீட்டர், காற்றழுத்தம் 90 பிஎஸ்ஐ. ஒட்டுப்போட்ட ரோட்டில் ஒவ்வொரு ஒட்டும் மணிக்கட்டில் வந்து அடித்தது. காற்று கொஞ்சம் இறங்கிய நாளில் குழியில் விழுந்தால் டியூப் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. ஒரே மாதத்தில் மூன்று முறை. 28 போடலாம் என்று பார்த்தால் பிரேக்குக்கு அடியில் இடமில்லை. மட்கார்டு மாட்டவும் இடமில்லை, கேரியர் மாட்ட ஃப்ரேமில் துளையே இல்லை, ஆகவே பை முதுகில், முதுகு வேர்வையில். மழை நாளில் பின்சக்கரம் அள்ளி வீசிய சேறு சட்டையில் கோடு போட்டது. அரை மணி நேரத்துக்கு மேல் போனால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஓடுகிற நரம்பு அழுந்துவதால் வருவது அது, கண்டுகொள்ளாமல் விடக்கூடாது.

மரத்துப்போனதில் பாதிப் பங்கு அளவுத் தவறு. உயரத்தை மட்டும் அட்டவணையில் பார்த்து ஃப்ரேம் எடுத்தேன். என் கால் நீளம், உடம்பு குட்டை, அதே உயரமுள்ள வேறொருவருக்கு அது சரியாக இருந்திருக்கலாம், எனக்கு ஹேண்டில் எட்டாத தூரத்தில் இருந்தது. ஹேண்டிலைச் சைக்கிளோடு இணைக்கிற 110 மில்லிமீட்டர் ஸ்டெம்மை 80 ஆக்கிய பிறகு கழுத்து வலி குறைந்தது, முழுசாகப் போகவில்லை. சீட்டை ஏற்றி இறக்கிக் காலுக்குச் சரிசெய்துவிடலாம், ஆனால் ஃப்ரேமின் நீளத்தை ஓரளவுக்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் பார்க்க வேண்டியது நீளம்தான். சீட் உயரத்துக்குச் சுலபமான வழி: சீட்டில் உட்கார்ந்து, பெடல் ஆகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள், முழங்கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்காலில் கொஞ்சம் மடிப்பு தானாக வந்துவிடும். தரையில் இரண்டு காலும் ஊன்ற வேண்டும் என்று சீட்டை இறக்கி ஓட்டுகிறவர்கள்தான் முட்டி வலிக்கிறது என்று சைக்கிளையே விட்டுவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும்.

ஹைப்ரிட்டை எடுக்கும்போது ஃப்ரேமில் எவ்வளவு தடிமன் டயர் நுழையும் என்பதைத்தான் முதலில் பார்த்தேன். அலுங்காமல் போவதற்கு ஷாக்ஸ் வேண்டியதில்லை, டயருக்குள் இருக்கிற காற்று போதும் என்பது இரண்டு சைக்கிளும் சேர்ந்து கற்றுக்கொடுத்தது. டன்லப் 1888-ல் காப்புரிமை வாங்கிய காற்றடைத்த டயரே, தன் மகன் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் போக வேண்டும் என்று அவர் செய்ததுதான். என் டயரின் பக்கவாட்டில் 38-622 என்று இருக்கிறது. 38 மில்லிமீட்டர் அகலம், 622 என்பது டயர் ரிம்மில் உட்காருகிற இடத்தின் விட்டம். 700சி என்றும் 29 இஞ்ச் என்றும் விற்கிற இரண்டுக்கும் அந்த விட்டம் ஒன்றேதான். பெயரைப் பார்த்துக் குழம்பாமல் இந்த எண்ணைப் பார்த்து டயர் வாங்கினால் தப்பாது. முன்னால் 50, பின்னால் 55 பிஎஸ்ஐ வைக்கிறேன், அதே ஒட்டுப்போட்ட ரோடு இப்போது உறுத்துவதில்லை. முன்பக்கம் ஷாக்ஸ் இல்லாத சாதாரண ஃபோர்க், அதை நான் விரும்பியே எடுத்தேன். 28 நிமிடம் ஆகிறது. ரோடு பைக்கைவிட இரண்டு நிமிடம் அதிகம், ஆனால் பை கேரியரில், சட்டை சுத்தம்.

டிஸ்க் பிரேக் மழையில் நிம்மதி. ரிம்மைப் பிடிக்கிற பிரேக்கில் கட்டை முதலில் ரிம்மில் இருக்கிற தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும், அந்த ஒரு கணம் சிக்னலில் நிற்கும்போது மிகப் பெரிதாகத் தெரியும். என்னுடையது கேபிள் டிஸ்க், பேட் தேயத் தேயத் திருகிச் சரிசெய்ய வேண்டும், அதை வீட்டிலேயே செய்துகொள்கிறேன்.

ஐந்து வருடத்தில் மாற்றியவை: செயின் நான்கு முறை, கேசட் ஒரு முறை, டயர் ஒரு ஜோடி, பிரேக் பேட் பலமுறை. செயின் தேய்ந்ததா என்று பார்க்கக் கருவி வேண்டாம், இஞ்ச் ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், அதற்கு அடுத்த பின்னிலிருந்து எண்ணி 24-வது பின் சரியாக 12 இஞ்சில் வர வேண்டும். அதைத் தாண்டி ஒரு இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். அப்படியே ஓட்டினால் அது பற்சக்கரத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. நேர் ஹேண்டிலில் கை வைக்க ஒரே ஒரு இடம், 40 கிலோமீட்டர் தாண்டினால் மாற்றிப் பிடிக்கத் தவிக்கும், அதனால் ஓரங்களில் கொம்பு மாதிரி பார்-எண்ட் மாட்டியிருக்கிறேன். கூட வந்த சீட் மெத்தை மாதிரி மெதுமெதுவென்று இருந்தது, ஒரு மணி நேரத்தில் அதுவே வலி. உட்காரும் எலும்பு மெத்தையில் புதைந்து, நடுவில் இருக்கிற மென்மையான இடத்தில் அழுத்தம் ஏறுகிறது. கெட்டியான, என் எலும்பு அகலத்துக்குப் பொருந்துகிற சீட் போட்டதும் சரியானது.

மடிக்கிற சைக்கிளை இரண்டு வாரம் இரவல் வாங்கி ஓட்டியிருக்கிறேன். ரயிலில் ஏற்ற வேண்டியவர்களுக்கும் வீட்டில் இடமில்லாதவர்களுக்கும் அது வரம், சின்னச் சக்கரம் என்பதால் குழி மட்டும் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். சமதரை, குறைந்த தூரம் என்றால் கியரே இல்லாத சைக்கிள் போதும், பராமரிப்பு மிகக் குறைவு. வாரக் கடைசிப் பயணம் எனக்கு இன்னும் அதிகமாக இருந்திருந்தால் கிராவல் பைக் பக்கம் போயிருப்பேன். அதில் வளைந்த ஹேண்டிலும் உண்டு, 40 மில்லிமீட்டர் டயரும் நுழையும், பலவற்றில் கேரியர் துளையும் இருக்கிறது.

கடையில் ஓட்டிப் பார்க்கும்போது வாசலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்காதீர்கள். தினமும் தூக்குகிற பையை அதே எடையோடு கொண்டுபோங்கள், இருபது நிமிடமாவது ஓட்ட விடச் சொல்லிக் கேளுங்கள், வீட்டில் படி ஏற்ற வேண்டியிருந்தால் சைக்கிளைத் தோளில் தூக்கியும் பாருங்கள். அப்புறம் கேரியர் துளை, மட்கார்டு துளை, டயருக்கு இருபுறமும் இடம், இவற்றைக் குனிந்து பார்த்துவிட்டு நிறத்தைப் பாருங்கள்.

என் பின் டயர் மறுபடி நடுவில் தட்டையாகத் தேய்ந்துவிட்டது. இந்த முறை 42 போடலாமா என்று நேற்று அளந்து பார்த்தேன், ஃப்ரேமுக்கும் டயருக்கும் நடுவே இருபுறமும் 7 மில்லிமீட்டர் இருக்கிறது. மட்கார்டைக் கொஞ்சம் தூக்கி மாட்டினால் போதும், ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடுவேன்.