மூன்று வருடம் ஓடிய மொபைல் ஸ்டார்ட்டர்

கிணற்று மோட்டாரைப் போன் மூலமே போடவும் நிறுத்தவும் உதவும் பெட்டிதான் மொபைல் ஸ்டார்ட்டர். அதை வாங்கலாமா என்று பக்கத்துத் தோட்டத்து நண்பர் கேட்டார். போன வாரம்தான் எங்கள் பெட்டிக்குப் பேட்டரி மாற்றினேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

தோட்டம் தாராபுரம் பக்கம், எனக்கு வேலை திருப்பூரில். கிணற்றில் 7.5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார். மும்முனைக் கரண்ட் முறை வைத்து வருவதால், ராத்திரி முறையில் அப்பா டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்து போய் மோட்டார் போடுவார். ஒரு தடவை மோட்டார் ரூம் வாசலில் கட்டுவிரியன் கிடந்தது. மறுவாரமே இதை வாங்கினேன்.

அந்த ஒரு விஷயத்துக்காக இதற்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். போன் போட்டு 1 அழுத்தினால் மோட்டார் ஓடும். கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டார் இழுக்கும் ஆம்பியர் குறையும்; அதைப் பார்த்துப் பெட்டியே நிறுத்திவிடும். முதல் கோடையில் மோட்டாரின் கம்பிச் சுருள் கருகாமல் காப்பாற்றியது அதுதான். ஆனால் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, கிணறு நிறைய இருக்கும்போது ஓடும் ஆம்பியரைப் பார்த்து, எவ்வளவு குறைந்தால் நிறுத்த வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் பெட்டியில் அளவு வைக்க வேண்டும். அப்புறம், வாய்க்கால் பாசனம் என்றால் மடை திருப்ப ஆள் போய்த்தான் ஆக வேண்டும். எங்கள் தென்னைக்குச் சொட்டுநீர் என்பதால் அந்தக் கவலை இல்லை.

சரி, கோபத்துக்கு வருகிறேன். கரண்ட் போனாலும் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியில் பெட்டி உயிரோடு இருந்து, ‘கரண்ட் இல்லை’ என்று சொல்ல வேண்டும். மூன்றாம் வருடம் பேட்டரி செத்துவிட்டது. அதிலிருந்து பெட்டிக்குப் போன் போட்டால், கரண்ட் போனாலும் சுவிட்ச் ஆஃப், டவர் போனாலும் சுவிட்ச் ஆஃப். பெட்டிக்குள் இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்தால் இன்கமிங் நின்றுவிடும், அப்போதும் பதில் இல்லை. திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு இதில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடைசியாகப் போன் போட்டபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இப்போதும் ஓடுகிறதா, நின்றுவிட்டதா? ராத்திரி ஒன்றரை மணிக்கு இந்தக் கேள்வியோடு தூங்க முடியாது. கடைசியில் அப்பாவை எழுப்பினேன். மறுபடியும் அதே டார்ச், அதே வரப்பு. எதைத் தடுக்க இதை வாங்கினேனோ அதையே நானே செய்ய வைத்தேன்.

விற்ற கடையில் இந்த மாடல் பேட்டரி கையில் இல்லை என்றார்கள். 23 நாள் காத்திருந்தோம்.

இப்போது பழையபடி நன்றாக ஓடுகிறது. வேளாண் பொறியியல் துறையில் மானியமும் உண்டு. ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். வாங்கியே தீருவேன் என்றால், கடையில் மூடியைத் திறக்கச் சொல்லிப் பேட்டரியைக் கண்ணால் பாருங்கள். அங்கேயே கூடுதலாக ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் தரமாட்டேன் என்றால் அந்தப் பெட்டியை வாங்காதீர்கள்.