தூத்துக்குடி புகை பிடிக்கும் ஆலை: அமீன்காரனின் மதிப்பீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நிலக்கரிப் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் ஆலையின் ஆள் நான் இல்லை. வேறோர் உர ஆலையில் மோனோ எத்தனாலமீன் என்ற வாயு உறிஞ்சும் அமீன் கரைசலோடு பல வருஷம் குப்பை கொட்டியவன். கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்கும் அமீன் முறைக்கு 1930-லேயே காப்புரிமை வாங்கியாயிற்று. இன்றும் எல்லோரும் அதில்தான் வந்து நிற்கிறார்கள். குளிர்ந்த கரைசல் வாயுவை உறிஞ்சும். 120 டிகிரிக்குச் சூடாக்கினால் கக்கிவிடும். கதையே அந்தச் சூட்டில்தான். ஒரு டன் வாயுவைக் கறக்க ஒன்றரை டன்னுக்கு மேல் நீராவி கேட்கும். கரைசலை 30 சதவீதத்துக்கு மேல் கெட்டியாக்கினால் இரும்பைத் தின்னும். எங்கள் ஷட்டவுன்களில் பாதி நேரம் கரைசலைச் சூடாக்கும் ரீபாய்லரின் குழாய் மாற்றுவதிலேயே போகும். நிலக்கரிப் புகை என்றால் இன்னும் மோசம். அதிலுள்ள ஆக்சிஜனும் கந்தகமும் அமீனைச் சீக்கிரம் கெடுத்துவிடும்.

அதனால்தான் தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் 2016-இல் நிலக்கரி பாய்லர் புகையில் கார்பன் க்ளீன் நிறுவனத்தின் கரைசலை ஓடவிட்டபோது காது கொடுத்துக் கேட்டேன். நீராவி குறைவு, அரிப்பு குறைவு என்பது விற்பவர்கள் சொல்வது. திறன் ஆண்டுக்கு 60,000 டன். டன்னுக்கு 30 டாலர்தான் செலவு என்றார்கள்; அரசு மானியமும் இல்லை.

கரைசலைவிட எனக்குப் பிடித்தது இடத் தேர்வு. அந்த ஆலை செய்வது சோடா ஆஷ், அதாவது சோடியம் கார்பனேட்; அதற்கு உப்பு, அமோனியா, கார்பன் டை ஆக்சைடு மூன்றும் வேண்டும். உப்புக்கு அந்த ஊரில் பஞ்சமா? வாயுவுக்கோ கூப்பிடு தூரத்திலேயே வேலை இருக்கிறது. பூமிக்கடியில் புதைப்பதாக இருந்தால் நூறு பார் அழுத்தத்துக்கு ஏற்றி, குழாய் போட்டு, கிணறு தோண்டியிருக்க வேண்டும். அந்தச் செலவு மொத்தமும் இங்கே மிச்சம். மலிவுக்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

குறை இல்லாமல் இல்லை. சோடா ஆஷ் கண்ணாடி உலைக்குப் போனால் பிடித்து வைத்த வாயு மறுபடி வானத்துக்கே போய்விடும். இதைச் சேமிப்பு என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். அளவும் சின்னது: அதே ஊரின் 1,050 மெகாவாட் அனல்மின் நிலையம் முழு வேகத்தில் ஓடினால் 60,000 டன்னை மூன்று நாளுக்குள் ஊதித் தள்ளிவிடும்.

சொந்த பாய்லரும், வளாகத்துக்குள்ளேயே வாயுவுக்குத் தேவையும் இருக்கிற ஆலைக்குத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். மின் நிலையத்துக்கு இதே விலையை எதிர்பார்க்க வேண்டாம். வாங்கப்போகிறவர்கள் புகையில் எத்தனை சதவீத வாயுவைப் பிடிக்கும் என்பதைக் கேட்டு மயங்காமல், டன்னுக்கு எத்தனை கிலோ புதுக் கரைசல் ஊற்ற வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். அதுவும் முதல் மாதக் கணக்கு வேண்டாம், இரண்டாம் வருஷக் கணக்கு.