முதலில் எந்தக் கதவைத் தட்டுவது?

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணிடம் சுற்றியிருப்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் முதல் வார்த்தை, "போலீசுக்குப் போ" என்பதுதான். அல்லது, "யாரிடமும் சொல்லாதே." இரண்டுமே அவசரத்தில் சொல்லப்படுபவை. தமிழ்நாட்டில் அவர் செல்லக்கூடிய இடங்கள் நான்கு: மருத்துவமனை, காவல் நிலையம், ஒருங்கிணைந்த சேவை மையம், 181 என்ற பெண்கள் உதவி எண். எதில் தொடங்கினாலும் மற்றவற்றுக்குப் போகலாம். ஆனால் கடிகாரம் ஓடுவது ஒன்றில் மட்டும்தான்.

அது மருத்துவமனை. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். முந்தினால் இன்னும் நல்லது. அவசரக் கருத்தடை மாத்திரையும் அப்படியே. உடலில் உள்ள தடயங்கள் நாளுக்கு நாள் மறைந்துகொண்டே போகும். அதனால் சம்பவம் நடந்து மூன்று நாள் ஆகவில்லை என்றால் என் முதல் ஓட்டு இதற்குத்தான். முடிந்தால் குளிக்காமல் போவது நல்லது. குளித்துவிட்டீர்கள் என்றாலும் போங்கள். அன்று உடுத்திய துணிகளைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும்.

"எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்ப எந்த மருத்துவமனைக்கும் உரிமை இல்லை. அரசு மருத்துவமனையோ தனியாரோ, இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும்; மறுப்பது தண்டனைக்குரிய குற்றம். பிறப்புறுப்பில் விரல் நுழைத்துப் பார்க்கும் 'இரு விரல் சோதனை' கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் மீண்டும் அழுத்திச் சொன்னது. தடயப் பரிசோதனைக்குச் சம்மதிக்க மறுத்தாலும் சிகிச்சை கிடைத்தாக வேண்டும். ஒரு சங்கடம் உண்டு: மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தரும். புகார் கொடுக்க விருப்பமில்லை என்றால் அதை மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லலாம். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழே என்றால் இந்தத் தேர்வு இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தகவல் தருவது கட்டாயம்.

காவல் நிலையத்தின் பலம், வழக்கு அங்கேதான் உயிர் பெறும் என்பது. சம்பவம் எந்த ஊரில் நடந்தாலும் அருகில் உள்ள நிலையத்திலேயே புகார் தரலாம். "எங்கள் எல்லை இல்லை" என்பது செல்லாத சாக்கு. வாக்குமூலத்தைப் பெண் அதிகாரியே பதிய வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். ஆனால் அழுது ஓய்வதற்கான இடமல்ல அது. தனியாகப் போகாதீர்கள்.

அந்த இடத்தை நிரப்பத்தான் ஒருங்கிணைந்த சேவை மையம். 2015-இல் மத்திய அரசு தொடங்கிய 'சகி' திட்டம் இது. ஆலோசனை, சட்ட உதவி, மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் துணை, சில நாள் தங்குமிடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். எல்லா மையமும் ஒரே தரத்தில் இயங்குகிறது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பல வாரங்களோ மாதங்களோ கடந்துவிட்டவர்களுக்கும், வீட்டுக்குத் திரும்ப முடியாதவர்களுக்கும், காவல் நிலையப் படியேறத் தயங்குபவர்களுக்கும் இதுவே சரியான தொடக்கம்.

181 இரவு பகல் இயங்கும். முகம் காட்டாமல் பேச முடிவது அதன் பெரிய வசதி. அருகில் உள்ள மையம் எது என்று கேட்கவும் அதுவே எளிது. உயிருக்கு ஆபத்து என்றால் 112, குழந்தை என்றால் 1098.

பணமும் வக்கீலும் பிறகு வரும் கவலைகள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் கிடைப்பார். இழப்பீட்டுக்கு விண்ணப்பிப்பதும் அங்கேதான். தொலைபேசி எண் 15100.