முதுகில் ஊசியா, முழு மயக்கமா?

விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பெரியவருக்கு அறுவை சிகிச்சை என்றதும், "வயதானவர், முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போதும்" என்று உறவினர்கள் கெஞ்சுவார்கள். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி அது. முழு மயக்கம் கொடுத்தால் புத்தி தடுமாறிவிடும் என்ற பயம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

2021இல் வெளியான ரீகெய்ன் ஆய்வு, அமெரிக்காவிலும் கனடாவிலும் 50 வயதும் அதற்கு மேலும் ஆன 1,600 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டது. 60 நாளில் இறந்தவர்கள், அல்லது கைத்தடி, நடைச்சட்டம் இருந்தும் பிறர் உதவியின்றிப் பத்தடிகூட நடக்க இயலாதவர்கள்: முதுகு ஊசியில் 18.5 சதவீதம், முழு மயக்கத்தில் 18. அறுவைக்குப் பின் மனக்குழப்பம் வந்தவர்கள், அதே வரிசையில், 20.5, 19.7 சதவீதம். ஊசி போட்டவர்களில் பலருக்குத் தூக்க மருந்தும் கொடுத்திருந்தார்களே, குழப்பம் அதனால் வந்திருக்கலாமே என்று கேட்கலாம். சீனாவின் ராகா ஆய்வில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 950 பேர். ஊசி போட்டவர்களுக்குத் தூக்க மருந்து தரவில்லை. மனக்குழப்பம் 6.2, 5.1 சதவீதம். அங்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வலியில்தான் எதிர்பாராத செய்தி. ரீகெய்னில், முதல் 24 மணி நேரத்தில் முதுகு ஊசிக்காரர்களுக்கு வலி சற்றுக் கூடுதல். ஊசி போடும் நேரத்தையும் மறக்க வேண்டாம்: முறிந்த காலோடு ஒருக்களித்துப் படுத்தோ உட்கார்ந்தோ, முதுகை வில்லாக வளைத்து, அசையாமல் இருக்க வேண்டும்.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கும், இதய வால்வு மிகவும் சுருங்கியவருக்கும் பெரும்பாலும் முழு மயக்கம்தான் ஏற்றது. நுரையீரல் மிகவும் நலிந்தவருக்கு நான் ஊசியையே கேட்பேன்.